குழாய்க்குள் போனதுதான் சாகும்: பவளத் தொட்டிக்கு யூவி விளக்கு தேவையா?

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981இல் திரும்ப எழுந்தருளிவிட்டதால் சாமிக் கணக்கு மட்டும் தள்ளுபடி ஆகிவிட்டது. பாலாறு இன்னமும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. சென்னைக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்த ஊரில், வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்துக் கோமாளி மீனும் மென்பவளமும் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

புதிதாகத் தொடங்கியவர் யாராக இருந்தாலும், முதல் மீன் செத்த வாரத்தில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்: யூவி, அதாவது தொட்டி நீரில் உள்ள கிருமியைப் புற ஊதா ஒளியால் கொல்லும் கருவி, போட்டுவிடலாமா? காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்குப் போனால், “ஒரு யூவி மாட்டிவிடுங்கள் சார், நோய்த் தொல்லையே இருக்காது” என்று கடையிலும் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பித்தான் பணம் போகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதியவருக்கு முதல் ஆண்டில் இந்தக் கருவி பெரும்பாலும் தேவைப்படாது. இன்ன தொல்லைக்காக வாங்குகிறேன் என்று பெயர் சொல்ல முடிந்தால் வாங்கலாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வாங்குவது, நம் ஊர் வெயிலில், தொட்டிக்குள் ஒரு சின்ன ஹீட்டரை வாங்கிப் போடுவதற்குச் சமம். ஏன் என்பதைக் கருவி வேலை செய்யும் விதத்திலிருந்தே பார்க்கலாம்.

வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பானைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு மூடிய குழாய், அதன் நடுவே ஒரு விளக்கு, விளக்கைச் சுற்றிக் குவார்ட்ஸ் கண்ணாடி உறை. தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, உறையை ஒட்டி ஓடி, மறுமுனையில் வெளியேறும். மீன் தொட்டிக்கான கருவியும் அதேதான். உப்புநீருக்குத் தாங்கும் பிளாஸ்டிக்கில் செய்திருப்பார்கள். உள்ளே இருக்கும் பாதரச ஆவி விளக்கு பெரும்பாலும் 253.7 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உமிழ்கிறது. புற ஊதாவில் இது ‘சி’ வகை. கண்ணுக்குத் தெரியாது. சாதாரணக் கண்ணாடி இதை விழுங்கிவிடும் என்பதால்தான் உறைக்கு விலை கூடிய குவார்ட்ஸ் வேண்டியிருக்கிறது.

உயிரணுவுக்குள் இருக்கும் டிஎன்ஏ 260 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை மிக நன்றாக உறிஞ்சும். உறிஞ்சியதும் அதன் சரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய சரத்தைப் படியெடுக்க முடியாது. அந்த உயிரி உடனே சாக வேண்டும் என்பதில்லை. பெருக முடியாமல் போனாலே நமக்குப் போதும். வெயில் பட்டால் பாக்டீரியா வளராது என்று டௌன்ஸ், பிளண்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1877இல் காட்டினார்கள். தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்கு டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். பிரான்சின் மார்செய் நகரில் 1910இலேயே குடிநீரை இப்படிச் சுத்தம் செய்து பார்த்தார்கள். ஆக, தொழில்நுட்பத்தில் ஐயம் ஒன்றும் இல்லை. ஒளி பட்டால் கிருமி போகும். பட வேண்டும், அவ்வளவுதான்.

குடிநீர்க் கருவிக்கும் தொட்டிக் கருவிக்கும் வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. குடிநீரில் ஒவ்வொரு சொட்டும் விளக்கைக் கடந்துதான் குவளைக்கு வருகிறது. கடக்காத தண்ணீரை நாம் குடிப்பதில்லை. தொட்டியிலோ, விளக்கைக் கடந்த தண்ணீர் கடக்காத தண்ணீரோடு மறுபடி கலந்துவிடுகிறது. 200 லிட்டர் தொட்டி, மணிக்கு 200 லிட்டர் தள்ளும் பம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் முழுதும் விளக்கைப் பார்த்துவிட்டது என்றுதான் தோன்றும். கணக்கு அப்படி வராது. தண்ணீர் நன்றாகக் கலந்துகொண்டே இருக்கும் தொட்டியில் ஒரு மணி நேரத்தில் 63 விழுக்காடு தண்ணீர்தான் ஒருமுறையாவது குழாய்க்குள் போயிருக்கும். மீதி 37 விழுக்காடு இன்னும் போகவே இல்லை. போன தண்ணீரில் ஒரு பகுதி இரண்டு மூன்று முறை போய்வந்திருக்கும். இரண்டு மணி நேரம் ஆனால் போகாதது ஏறத்தாழ 14 விழுக்காடு, மூன்று மணி நேரத்தில் 5. குறைந்துகொண்டே வரும், சுழியத்தைத் தொடாது. இதற்குள் தொட்டியில் இருக்கும் கிருமி பெருகிக்கொண்டும் இருக்கும். விளக்கு கொல்லும் வேகமா, கிருமி பெருகும் வேகமா என்ற போட்டிதான் தொட்டிக்குள் நடக்கிறது. மெதுவாகப் பெருகுவதிடம் விளக்கு ஜெயிக்கும். பாறை, மணல், மீனின் தோல் என்று ஒட்டிக்கொண்டு வாழ்வது இந்தப் போட்டிக்கே வருவதில்லை.

அப்படியானால் பம்பின் வேகத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். கூட்டினால் தண்ணீர் அடிக்கடி குழாய்க்குள் போகும், ஒவ்வொரு முறையும் குறைந்த நேரமே ஒளியில் நிற்கும். கொல்லத் தேவையான ஒளி உயிரிக்கு உயிரி மாறுகிறது. பாக்டீரியாவுக்கும் மிதக்கும் பாசிக்கும் ஒப்பீட்டளவில் குறைவு; மீன் மேல் வரும் ஒட்டுண்ணிகளுக்குப் பல மடங்கு. இதனால் நல்ல தயாரிப்பாளர்கள் ஒரே கருவிக்கு இரண்டு ஓட்ட வேகங்களை அச்சிட்டிருப்பார்கள்: பாசிக்கு வேகமாக, ஒட்டுண்ணிக்கு மெதுவாக. சின்ன விளக்கை வாங்கிவிட்டு ஒட்டுண்ணிக்கான வேகத்துக்குத் தண்ணீரைக் குறைத்தால், மேலே சொன்ன கலப்புக் கணக்கு நம்மைக் கைவிடும். தண்ணீர் மெதுவாகவும் ஓட வேண்டும், அடிக்கடியும் சுற்ற வேண்டும் என்றால் பெரிய விளக்குதான் வழி. பெரிய விளக்கு என்றால் வெப்பம்; அதைப் பிறகு பார்க்கலாம்.

இப்போது பெரும்பாலோரின் உண்மையான கவலைக்கு வரலாம். மீன் மேல் உப்புத் தூள் தூவியது போல் வரும் வெள்ளைப் புள்ளி. கடல்மீன்களில் இதற்குக் காரணம் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. இதன் வாழ்க்கை நான்கு கட்டங்களாக ஓடுகிறது. மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கும். பிறகு கழன்று விழுந்து, சில மணி நேரம் ஊர்ந்து, பாறையிலோ மணலிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். கூட்டுக்குள் பிளந்து பிளந்து நூற்றுக்கணக்காகப் பெருகும். கூடு உடைய பெரும்பாலும் 3 முதல் 28 நாள் ஆகும். 72 நாள் வரை போனதும் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. கூட்டிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் நீந்திப் போய் மீனைத் தேடும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் சாகும்.

இந்த நான்கில் விளக்கின் முன் வரக்கூடியது கடைசிக் கட்டம் மட்டும்தான். மீனுக்குள் இருப்பதை ஒளி தொடாது. பாறையில் ஒட்டிய கூட்டையும் தொடாது. நீந்தும் குஞ்சுகளையாவது முழுதாகப் பிடிக்குமா என்றால், அவை வெளிவரும் நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் இருட்டில், விடியலை ஒட்டி. அப்போது மீன் எங்கே இருக்கிறது? பாறைப் பொந்தில், அசையாமல், தரையை ஒட்டி உறங்கிக்கொண்டிருக்கிறது. முந்தைய இரவு அந்த மீனிலிருந்து கழன்ற ஒட்டுண்ணியும் அதே பொந்தின் சுவரில்தான் கூடு கட்டியிருக்கும். கூட்டுக்கும் மீனுக்கும் இடையே இரண்டு விரற்கடை தூரம். அந்தக் குஞ்சு நிரம்பி வழியும் பெட்டியைத் தாண்டி, சம்ப்புக்கு (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி) இறங்கி, பம்ப்பில் ஏறி, குவார்ட்ஸ் குழாயைத் தரிசித்துவிட்டுத்தான் மீனிடம் போக வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

அதனால் யூவி ஒன்றுக்கும் உதவாது என்றும் சொல்லிவிட முடியாது. பொந்தை விட்டு வெளியே அலையும் குஞ்சுகளில் கணிசமானவை குழாய்க்குள் போய் மாட்டும். மீன் மேல் ஏறும் எண்ணிக்கை குறையும். கொழுத்த, நன்றாகத் தின்னும் மீன் அந்தக் குறைந்த எண்ணிக்கையைத் தாங்கிக்கொள்ளும். வெல்வெட் நோயைத் தரும் அமிலூடினியம் என்ற ஒட்டுண்ணி விஷயத்திலும் கணக்கு இதுவே. அது சில நாளிலேயே மீனைக் கொன்றுவிடும் என்பதால் நேரம் இன்னும் குறைவு. அழுத்திப் பிடிக்கலாம், ஒழிக்க முடியாது. நோயை ஒழிக்கத் தெரிந்த வழி பழையதுதான். மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றித் தாமிர மருந்து கொடுப்பது. பெரிய தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் விட்டுவைப்பது. தாமிரம் பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும், பவளத் தொட்டிக்குள் ஒருபோதும் ஊற்றக் கூடாது. இதைவிடச் சிக்கனமான வழி, புதிதாக வாங்கும் ஒவ்வொரு மீனையும் தொடக்கத்திலேயே தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பார்ப்பது. ஒரு வெற்றுத் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள இரண்டு துண்டு பிவிசி குழாய். இவ்வளவும் சேர்த்து ஒரு நல்ல யூவி கருவியின் விலை வராது. ஆனால் இதைக் கடையில் யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள். பிவிசி துண்டு விற்று என்ன லாபம்?

சரி, யூவி எங்கே ஜெயிக்கிறது?

தண்ணீர் பச்சையாக மாறிவிட்டால். மிதக்கும் பாசி மொத்தமும் தண்ணீரிலேயே இருப்பதால் குழாய்க்குள் போகாமல் தப்ப முடியாது. சரியான அளவுக் கருவி போட்டால் சில நாளில் பின்பக்கக் கண்ணாடி தெரியும். பாக்டீரியா பெருகித் தண்ணீர் பால் கலந்தது போல் கலங்கினாலும் அப்படியே. ஆனால் செத்த பாசி தொட்டியை விட்டுப் போவதில்லை. அதிலிருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் தண்ணீருக்கே திரும்பும். கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரும் தண்ணீர் மாற்றமும்தான் அதை வெளியேற்ற வேண்டும். பாறையில் முடி முடியாக வளரும் பாசிக்கு, மணலில் சிவப்புப் பாயாகப் படரும் சயனோபாக்டீரியாவுக்கு, நைட்ரேட் அளவுக்கு யூவி பதில் இல்லை.

இன்னொரு இடம், டைனோ என்று தொட்டிக்காரர்கள் அலுத்துக்கொள்ளும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிரி. பழுப்பு நிறத்தில் சளிபோல், குமிழிகளோடு, மணல்மேலும் பவளத்தின்மேலும் படர்வது. புதுத் தொட்டியில், அதுவும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்துக்கு இறங்கிய தொட்டியில், அடிக்கடி வருகிறது. இதில் பல இனங்கள் உண்டு; எந்த இனம் என்பதைப் பொறுத்துத்தான் விளக்கின் பயன். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் பிடியை விட்டுத் தண்ணீரில் மிதக்கிறது, ஆகவே மாட்டிக்கொள்கிறது. பெரிய செல் ஆம்ஃபிடினியம் மணலைவிட்டு மேலே வருவதே அரிது; அதற்கு விளக்குப் போட்டுக் காத்திருப்பது மின்வாரியத்துக்கு நல்லது, தொட்டிக்கு அல்ல. வேறுபடுத்திப் பார்க்கப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியே போதும். ஒரு சொட்டுப் பழுப்புச் சளியை 400 மடங்கில் வையுங்கள். கண்ணீர்த் துளி வடிவில், கூர்முனையைச் சுற்றிச் சுற்றிச் சுழல்வது ஆஸ்ட்ரியாப்சிஸ். நீள்வட்டமாக, ஒரு முனையில் சாய்ந்த மூக்கோடு, வழுக்கிக்கொண்டு போவது ஆம்ஃபிடினியம். ஆஸ்ட்ரியாப்சிஸ்தான் என்று உறுதியானால், ஏறத்தாழ 10 லிட்டருக்கு 1 வாட் என்ற கணக்கில் விளக்கு, மணிக்கு ஒன்று முதல் மூன்று முறை தொட்டி நீர் சுற்றும்படி பம்ப், சம்ப்பிலிருந்து எடுக்காமல் மேல்தொட்டியிலிருந்தே எடுத்து மேல்தொட்டிக்கே விடும் குழாய் என்பது அனுபவசாலிகள் கையாளும் அளவு. பெயர் சொல்லி வாங்கலாம் என்று நான் சொன்னதில் முதலில் நிற்பது இதுதான்.

நல்ல பாக்டீரியாவும் செத்துவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. கூட்டுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை எது காப்பாற்றுகிறதோ அதுவே இவற்றையும் காப்பாற்றுகிறது. தொட்டி தொடங்கிய முதல் வாரங்களில் புட்டி பாக்டீரியா ஊற்றினால் மட்டும், அவை போய் ஒட்டும் வரை இரண்டு நாள் விளக்கை அணைத்து வையுங்கள். பவளத்துக்கு உயிர்ப் பாசித் தண்ணீர் ஊட்டும் வேளையிலும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊட்டியதை நாமே கொல்வதாகும். மருந்துகள் சிலவற்றையும் இந்த ஒளி சிதைத்துவிடும். மருந்து போடும்போது யூவி அணைந்திருக்கட்டும்.

இனி வேலூர் வெயில். கருவியோடு வரும் கையேட்டில் இதைப் பற்றி இரண்டு வரிகூட இருக்காது. அது எழுதப்பட்ட ஊரில் கத்திரி கிடையாது.

விளக்குக்குப் போகும் மின்சாரம் அனைத்தும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது, அதில் பெரும்பகுதி தண்ணீருக்குள். 25 வாட் விளக்கு ஒரு மணி நேரத்தில் 90,000 ஜூல் வெப்பம் தரும். 200 லிட்டர் கடல்நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 8 லட்சம் ஜூல் வேண்டும். வெப்பம் எங்கும் வெளியேறவில்லை என்று வைத்துக்கொண்டால், ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு டிகிரி. மார்கழியில் இதை யாரும் பொருட்படுத்த வேண்டியதில்லை. அறைக் காற்றுக்கே அது போய்விடும். மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டி, அறைக்குள் 36 இருக்கும்போது வெப்பம் தொட்டியிலிருந்து அறைக்குப் போவதில்லை, அறையிலிருந்துதான் தொட்டிக்கு வருகிறது. பவளத்துக்கு 24 முதல் 27 டிகிரி வரை சுகம். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், தன் உடலுக்குள் குடியிருக்கும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுக்கத் தொடங்கும். தொட்டி நீரைக் குளிர்விக்க ஏற்கெனவே மூச்சுத் திணறும் சில்லர் கருவியின் தலையில் 25 வாட்டையும் அதற்கென்று வைத்த பம்பின் வெப்பத்தையும் ஏற்றுவதுதான் இங்கே நடப்பது.

நம் ஊருக்கு ஒரு சாதகமும் உண்டு. சென்னையைப் போல் புழுக்கம் இல்லாத காய்ந்த வெயில் என்பதால், தண்ணீர்ப் பரப்பின் மீது வீசும் சின்ன மின்விசிறி இங்கே நன்றாகவே வேலை செய்யும். ஆவியாதல் இரண்டு மூன்று டிகிரியை இறக்கிவிடும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அல்ல. ஆகவே ஈடுகட்டுவது உப்பில்லாத ஆர்.ஓ. நீராக இருக்க வேண்டும். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: சமையலறையில் இருக்கும் ஆர்.ஓ.-யூவி கருவியின் நீரை அப்படியே ஊற்றலாம் என்று நினைப்பவர்கள் பலர். அவற்றில் பல, ருசிக்காகக் கொஞ்சம் கனிமத்தைத் திரும்பக் கலக்கின்றன. நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பார்த்தால் தெரியும். பவளத் தொட்டிக்கு வேண்டியது சுழியம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கும் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை யூவி கிருமியற்றதாக்கும். அதில் கரைந்திருப்பதைத் துளியும் எடுக்காது.

வெப்பத்துக்குத் திரும்புகிறேன். விளக்கை 24 மணி நேரமும் எரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். சிலர் மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் அணைக்கிறார்கள். கோடையில் அணைத்தே ஆக வேண்டும் என்றால் தலைகீழாகச் செய்யுங்கள்: பகலில் அணைத்து இரவில் எரியுங்கள். வெள்ளைப் புள்ளிக் குஞ்சுகள் வெளிவருவது இருட்டில், ஆஸ்ட்ரியாப்சிஸ் மிதப்பதும் இருட்டில், வெப்பம் குறைவதும் அப்போதுதான். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால், பகலெல்லாம் காய்ந்த தளம் இரவு பத்து மணி வரை அனல் கக்கும். அதற்குப் பிறகு ஏற்றி, காலையில் தொட்டி விளக்குகள் எரியும்போது அணைக்கச் சாதாரண டைமர் போதும். அணைப்பது விளக்கை மட்டும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும். குழாய்க்குள் தேங்கிய நீர் ஆக்சிஜன் இழந்து கெட்டு, மறுபடி பம்ப் ஓடும்போது அப்படியே மீன்களிடம் போய்ச் சேரும்.

மின்வெட்டின்போது இன்வெர்ட்டரில் யூவிக்கு இடமே இல்லை. தண்ணீரைக் கலக்கும் பம்புக்குத்தான் அந்த மின்சாரம். மின்சாரம் வந்ததும் பம்ப் ஓடாமல் விளக்கு மட்டும் எரிந்துவிடக் கூடாது. இரண்டையும் ஒரே சுவிட்சில் வைப்பது எளிய ஏற்பாடு. பகலில் விளக்கை மட்டும் அணைக்க, விளக்கின் ஒயரில் மட்டும் டைமர். இடைவிடாமல் எரித்தால் 25 வாட் மாதத்துக்கு 18 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 36. தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. சில்லர் ஏற்கெனவே உங்களை அடுத்த கட்டண அடுக்கின் விளிம்பில் நிறுத்தியிருந்தால் அவ்வளவு சின்னதல்ல.

மாட்டியபின் மறந்துவிடும் கருவி அல்ல இது. பவளத் தொட்டி நீரில் கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். சூடான பரப்பில் அது படியும், குவார்ட்ஸ் உறைதான் அந்தச் சூடான பரப்பு. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரை வடித்து, உறையை உருவிப் பாருங்கள். வெள்ளையாகச் சொரசொரவென்று ஓர் ஏடு, அதன்மேல் பழுப்பாக ஒரு வழவழப்பு. கண்ணுக்கு மெல்லியதாகத்தான் இருக்கும். அதைத் தாண்டிப் போகும் ஒளியோ பெருமளவு குறைந்திருக்கும். வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் சின்னச் சின்னக் குமிழி விட்டு ஏடு கரையும். மெல்லிய துணியால் துடையுங்கள். கம்பி நார் பட்டால் விழும் கீறலில் அடுத்த ஏடு இன்னும் வேகமாகப் பிடிக்கும். விளக்கின் கண்ணாடியை வெறுங்கையால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்துவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது ரப்பர் வளையத்தில் கொஞ்சம் சிலிகான் கிரீஸ். உப்புநீர் விளக்கின் மின்முனைக்குள் கசிந்தால் கருவியும் போகும், கையை விட்டவரும் போவார். தொட்டிக்கான மின் இணைப்பில் ஆர்சிசிபி (மின்கசிவு கண்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாதவர் யூவி பற்றி யோசிக்கும் முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டும்.

விளக்கு எரிவதைக் கண்டு ஏமாற வேண்டாம். நாம் பார்க்கும் நீல ஒளி பாதரசத்தின் வேறு அலைநீளங்கள். கொல்லும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. 8,000 முதல் 9,000 மணி நேரம் எரிந்தபின், அதாவது இடைவிடாமல் எரித்தால் ஓராண்டில், கொல்லும் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். நீலம் அப்படியே இருக்கும். விளக்கில் முதல் நாளன்றே தேதியை எழுதி வையுங்கள். இரவில் மட்டும் எரிப்பவருக்குக் கணக்குப்படி இரண்டு ஆண்டுக்கு மேல் வர வேண்டும். தினமும் அணைத்து ஏற்றுவதால் அவ்வளவு வராது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சில ‘யூவி’ விளக்குகள் வெறும் ஊதா எல்இடி. அவற்றின் அலைநீளம் 395 நானோமீட்டர் என்று பொடி எழுத்தில் அவர்களே போட்டிருப்பார்கள். அதில் ஒன்றும் சாகாது.

உண்மையான யூவி-சி விளக்கை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. வெல்டிங் பட்டறையில் கண்ணாடி போடாமல் நின்றவர்களுக்கு அன்றிரவு கண்ணில் மணல் கொட்டியது போல் உறுத்துமே, அதே காயம்தான் இதிலும். பார்த்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வலி. உறையில்லாமல் தொட்டிக்குள் நேரடியாகத் தொங்கவிடும் விளக்குகளும் விற்கிறார்கள். பவளமும் மீனும் உள்ள தொட்டியில் அதைச் செய்வது எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

இடையில் ஒரு வார்த்தை, யூவிக்கு நேரடியாகத் தொடர்பில்லாவிட்டாலும். பாறை கட்டும் கடினப் பவளங்கள், கடல்விசிறி, கரும்பவளம் போன்றவை நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மன்னார் வளைகுடாவில் பிடுங்கியதை ‘ஃபிராக்’ (தொட்டியில் வளர்த்த பவளத்திலிருந்து வெட்டிய துண்டு) என்று பெயர் மாற்றி யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். கோமாளி மீனைப் பொறுத்தவரை, மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் செயற்கை இனப்பெருக்க முறையை உருவாக்கியிருக்கிறது. தொட்டியிலேயே பிறந்த மீன் கிடைத்தால் அதையே கேளுங்கள். கடலில் பிடித்த மீனைவிட ஒட்டுண்ணியைச் சுமந்து வரும் வாய்ப்பும் அதில் குறைவு.

யாருக்கு யூவி வேண்டும் என்றால், பவுடர் புளூ டாங் போன்று புள்ளி நோய்க்குப் பேர்போன மீனை வைத்திருப்பவர், நிறைய மீன் உள்ள பெரிய தொட்டிக்காரர், ஆஸ்ட்ரியாப்சிஸை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டவர், பச்சைத் தண்ணீர் விடாமல் தொடர்பவர். நான்கு மென்பவளமும் ஒரு ஜோடி கோமாளியும் உள்ள 100 லிட்டர் தொட்டிக்காரர் அந்தப் பணத்தைத் தனித் தொட்டிக்கும் விசிறிக்கும் டிடிஎஸ் மீட்டருக்கும் பிரித்துக்கொடுக்கலாம். மிஞ்சினால் சில்லருக்குச் சேர்க்கலாம்.

வாங்குவது என்று முடிவானால், வாட் எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாமல், பாசிக்கு எந்த ஓட்டம், ஒட்டுண்ணிக்கு எந்த ஓட்டம் என்று கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாற்று விளக்கு, மாற்று குவார்ட்ஸ் உறை, ரப்பர் வளையம் மூன்றும் தனியாக எங்கே கிடைக்கும், என்ன விலை என்றும் கேளுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதம் அந்த விளக்கு தேவைப்படும். “அதெல்லாம் கெட்டுப்போகாது சார்” என்று பதில் வந்தால், பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுக் காட்பாடி ரயிலைப் பிடியுங்கள்.